சொந்த எஞ்சின்



நான் லேத் பட்டறைக்காரன். கோவையில் அப்பாவின் பட்டறையில் கிராங்க் அரைக்கப் பழகினேன். பிழைப்பு என்னைக் கலிஃபோர்னியாவுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. லாஸ் ஏஞ்சலஸுக்குப் பக்கத்தில், எஞ்சின் வேலை மட்டும் செய்கிற ஒரு பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறேன். லீவில் வந்தவனை வானொலி நிலையத்தார் பிடித்து, பழைய கார்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். காரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? பானெட்டைத் தூக்கினால் உள்ளே இருப்பது தெரியும். அதிலும் எங்கள் பட்டறையில் மாதம் ஒருமுறையாவது வருகிற ஒரு சண்டை இருக்கிறது. இன்று அதைத்தான் பேசப்போகிறேன்.

போன வருஷம் ஒரு அண்ணனும் தங்கையும் டிரெய்லரில் ஒரு வண்டியை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள். வண்டி, 1932-ஆம் வருஷத்து ஃபோர்டு ரோட்ஸ்டர். அவர்களுடைய அப்பா தன் கையால் செய்த ஹாட் ராட். அப்பா இறந்து, வீட்டைக் காலி செய்யும்போது இதைப் புதுப்பித்து வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். முடிவு அதோடு நின்றுவிட்டது. எந்த எஞ்சினோடு புதுப்பிப்பது என்று கேட்டதும் இருவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

ஹாட் ராட் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். 1930-களிலும் 40-களிலும் தெற்குக் கலிஃபோர்னியாவில், கையில் அதிகம் காசில்லாத பையன்கள் பழைய ஃபோர்டுகளை மலிவாக வாங்கினார்கள். மட்கார்டைக் கழற்றினார்கள், பம்பரைக் கழற்றினார்கள், வேகத்துக்கு உதவாத எல்லாவற்றையும் கழற்றினார்கள். எஞ்சினை மட்டும் விட்டுவைத்து, அதைப் பிரித்து ஆராய்ந்தார்கள். நகரத்தைத் தாண்டினால் பாலைவனத்தில் மியூராக், எல் மிராஜ் என்று வறண்ட ஏரிகள் உண்டு. நம் ஊர்க் குளம் கோடையில் வெடித்துக் கிடக்குமே, அப்படி. ஆனால் மைல்கணக்கில், பலகை மாதிரி தட்டை. அங்கே கொண்டுபோய் நேர்கோட்டில் விரட்டி, கடிகாரம் வைத்து வேகத்தை அளந்தார்கள். இதற்கென்று 1937-இல் ஒரு சங்கமே வைத்தார்கள். போர் முடிந்து திரும்பிய பையன்கள் கையில் கொஞ்சம் காசும் இயந்திரப் பயிற்சியும் இருந்ததால் இது இன்னும் பெருகியது. 1948 ஜனவரியில் ‘ஹாட் ராட்’ என்ற பெயரிலேயே ஒரு பத்திரிகை வந்தது.

ஆக, எஞ்சினை நோண்டுவதும் மாற்றுவதும்தான் இந்த வண்டியின் பிறவிக்குணம். அப்படிப்பட்ட வண்டிக்கு ‘அசல் எஞ்சின்’ என்று ஒன்று உண்டா?

அந்த ரோட்ஸ்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபேக்டரியில் வைத்த எஞ்சின் எப்போதோ போய்விட்டது. 1951-இல் அப்பா அதில் ஒரு மெர்க்குரி எஞ்சினைப் பூட்டி எல் மிராஜில் ஓட்டியிருக்கிறார். புகைப்படம் இருக்கிறது. முகமெல்லாம் புழுதி, பல் மட்டும் வெள்ளை. பிள்ளைகள் பிறந்த பிறகு, 1963-இல் மெர்க்குரியைக் கழற்றி ஓரத்தில் வைத்துவிட்டு ஒரு செவர்லே எஞ்சினைப் போட்டார். வண்டி வந்தது அந்தச் செவர்லேயோடு. மெர்க்குரி பிளாக் தார்ப்பாயில் சுற்றி டிரெய்லரின் மூலையில் கிடந்தது.

அண்ணனுக்கு மெர்க்குரி வேண்டும். “அப்பா ரேஸ் ஓட்டியது அதில்தான்” என்றார். தங்கைக்குச் செவர்லே வேண்டும். “என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டது இதில்தான்” என்றார். விலை மதிப்பிட வந்த ஒருவரோ, இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டு 1932 மாடல் எஞ்சினே தேடிப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஒரு வண்டி, மூன்று அசல்.

இந்த இடத்தில் அந்த 1932 எஞ்சினைப் பற்றிப் பேசாமல் என்னால் நகர முடியாது. நிலையத்தார் என்னை மன்னிக்க வேண்டும், குறித்துக்கொண்டு வந்த மற்றதில் பாதியை இதற்காக விட்டுவிடுகிறேன்.

அதற்கு முன்னால் V8 என்பது வசதி படைத்தவர்கள் கார்களில் இருந்தது. ஹென்றி ஃபோர்டு அதைச் சாதாரணக் காருக்குள் கொண்டுவர நினைத்தார். உள்ளங்கை இரண்டையும் மணிக்கட்டில் சேர்த்து விரித்துப் பாருங்கள், கையில் ஒன்றும் இல்லையென்றால். ஒரு கையில் நான்கு சிலிண்டர், மறு கையில் நான்கு, மணிக்கட்டில் கிராங்க். இதைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டால் விலை ஏறும். ஃபோர்டு மொத்தத்தையும் ஒரே வார்ப்பாக ஊற்றச் சொன்னார். ஆரம்பத்தில் ஊற்றிய பிளாக்குகளில் ஏராளமானவை உடைத்து மறுபடி உருக்கத்தான் போயின. கடைசியில் வந்துவிட்டது. 221 கன அங்குலம், அதாவது 3.6 லிட்டர். 65 குதிரைத்திறன். அந்த எஞ்சினோடு ரோட்ஸ்டரின் விலை 460 டாலர்.

இதில் வால்வுகள் ஹெட்டில் இல்லை, பிளாக்கிலேயே சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்கும். மேலே இருப்பது வெறும் மூடி. அதனால் பிளாட்ஹெட் என்று பெயர். பார்க்க எளிமையாக இருக்கும், ஆனால் ஒரு குறும்பு வைத்திருக்கிறார்கள். எரிந்த புகை வெளியே போக வேண்டுமானால் பிளாக்குக்குள்ளேயே, சிலிண்டர்களுக்கு நடுவில், தண்ணீர் ஓடும் அறையைக் கடந்து போக வேண்டும். பக்கத்துக்கு நான்கு சிலிண்டர், ஆனால் மூன்றே வாசல். நடுவில் இருக்கும் இரண்டு சிலிண்டரும் ஒரே வாசலைப் பங்கு போட்டுக்கொள்ளும். அதனால்தான் அதற்கு அந்தக் குழறல் சத்தம், கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். அதனால்தான் கொதிப்பும். புகையின் சூடெல்லாம் தண்ணீரில் இறங்கும், ரேடியேட்டர் பாவம்.

என் தாத்தாவுக்கும் இந்தக் கொதிப்பு தெரியும். போர் முடிந்து ராணுவம் கழித்த லாரிகளை நம் ஊரில் டிஸ்போசல் லாரி என்பார்கள். கனடாவில் ராணுவத்துக்கென்று செய்த ஃபோர்டு லாரிகளில் இதே வகை V8-தான். தாத்தா அப்படியொன்றில் பஞ்சு மூட்டை ஏற்றிப் போவார். மேட்டில் ஏறுவதற்கு முன்னால் நிறுத்தி, கிளீனர் பையனை வாய்க்காலுக்குத் தண்ணீர் மொள்ள அனுப்புவாராம். “இந்த வண்டிக்குப் பெட்ரோலை விடத் தண்ணிதான் ஜாஸ்தி” என்பது வீட்டில் ரொம்ப நாள் ஓடிய பேச்சு.

அந்தக் கொதிப்புக்கு எல்லாரும் டிசைனைத்தான் திட்டுவார்கள். பாதி நியாயம். மீதிப் பாதியை நான் கையால் தோண்டி எடுத்திருக்கிறேன். வார்ப்பு ஊற்றும்போது உள்ளே தண்ணீர் அறை வருவதற்காக மணலில் அச்சு வைப்பார்கள். வார்ப்பு ஆறியதும் அந்த மணலை உதிர்த்து எடுக்க வேண்டும். சந்து பொந்துகளில் கொஞ்சம் தங்கிவிடும். அது எழுபது எண்பது வருஷம் துருவோடு சேர்ந்து இறுகிப் போயிருக்கும். அந்த ரோட்ஸ்டரின் மெர்க்குரியும் ஃபோர்டு குடும்பத்துப் பிளாட்ஹெட்தான். அதன் பிளாக்கை முதலில் காரத் தொட்டியில் வேகவைத்தோம். பிறகு சைக்கிள் ஸ்போக்கை வளைத்து ஒவ்வொரு தண்ணீர்த் துளையிலும் விட்டுக் குடைந்தேன். கறுப்பாக, பிறகு செங்கல் நிறத்தில், பிறகு, நம்புங்கள், சுத்தமான மணலாக வந்தது. 1950-வாக்கில் ஏதோ ஒரு வார்ப்புப் பட்டறையில் யாரோ அடைத்த மணல். அரை வாளி இருக்கும். ஒரு சிட்டிகை எடுத்துப் பேப்பரில் மடித்து வைத்திருக்கிறேன். மனைவி அதை ஏதோ மருந்துப் பொட்டலம் என்று இரண்டு தடவை குப்பையில் போடப் பார்த்தாள்.

சுத்தம் செய்த பிறகுதான் உண்மையான சோதனை. பிளாக்கைக் காந்தமாக்கி, நுண்ணிய இரும்புத்தூளைத் தூவுவோம். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் தூள் அதன் மேல் கோடாகச் சேர்ந்து நிற்கும். ஜாதகம் பார்க்கிற மாதிரிதான். பட்டறையில் அந்த நேரம் யாரும் பேசமாட்டார்கள். பிளாட்ஹெட்டில் வால்வு சீட்டிலிருந்து சிலிண்டரை நோக்கி விரிசல் ஓடுவது சகஜம். இதில் இரண்டு இடம். மரை போட்ட சின்னச் சின்ன முளைகளை வரிசையாக ஒன்றையொன்று கடித்தபடி இறக்கி, விரிசலைத் தைத்தோம். ஆமாம், தைப்பது என்றே சொல்வோம். விரிசல் சிலிண்டருக்குள் இறங்கியிருந்தால் அங்கே ஸ்லீவ் போட வேண்டும். இது கை நோகிற வேலை, நாள்கணக்கில் ஆகும்.

செவர்லே பக்கத்து நியாயத்தைச் சொல்லாவிட்டால் தங்கை என்னை விடமாட்டார். 1955-இல் செவர்லே ஒரு சின்ன V8 கொண்டுவந்தது. 265 கன அங்குலம், வால்வு மேலே ஹெட்டில். சாதாரண மாடலிலேயே 162 குதிரைத்திறன். 1953-இல் அமெரிக்காவில் கடைசியாக வந்த ஃபோர்டு பிளாட்ஹெட் தந்தது 110. பையன்கள் கணக்குத் தெரிந்தவர்கள், ஒரே ஓட்டமாக அந்தப் பக்கம் போய்விட்டார்கள். 1973-இல் வந்த ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ படத்தில் ஊரே பார்க்கும் அந்த மஞ்சள் ஃபோர்டு கூபேயின் உள்ளே ஓடுவது செவர்லே எஞ்சின்தான். இன்றைக்கும் பெட்டியில் அடைத்துப் புத்தம் புதுசாகக் கிடைக்கிறது. நான் ஒரு பிளாட்ஹெட்டைச் சரிசெய்கிற காசுக்கு அதை வாங்கி, இரண்டு மடங்குக்கு மேல் திறனோடு கொதிக்காமல் ஓட்டலாம். எல்லாரும் அதையே போடுவதால் அங்கே அதற்குத் தொப்புள் எஞ்சின் என்று கேலிப்பெயர். எல்லாரிடமும் ஒன்று இருக்கிறதே!

ஆனால் அந்தப் பெட்டியில் சொல்லாத செலவு ஒன்று உண்டு. செவர்லேயின் டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினுக்குப் பின்பக்கம் இருக்கிறது, ஃபோர்டுக்கோ முன்னால். எனவே 1932 உடலில் செவர்லேயை இறக்கினால் எஞ்சினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் ஃபயர்வால் தகரத்தில் முட்டும். வெட்ட வேண்டும், அல்லது அடித்து உள்வாங்க வேண்டும். பிறகு கியர்பாக்ஸ் பொருந்தாது. அது மாறினால் பின் ஆக்சில் மாறும். தாடி ஒட்டவைக்கப் போய் மீசையும் மாற்றின கதை. எங்களிடம் வருகிறவர்களிடம் நான் கெஞ்சுவது இதைத்தான். எஞ்சினை எது வேண்டுமானாலும் போடுங்கள், வெட்டுவதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள். எஞ்சினை எப்போது வேண்டுமானாலும் திருப்பிப் போடலாம். வெட்டின தகரம் வளராது.

விலை மதிப்பிட்டவர் சொன்ன மூன்றாவது யோசனையை நான் இரண்டே நிமிடத்தில் ஒதுக்கினேன். அந்தக் காலத்து ஃபோர்டில் நம்பர் அடித்திருப்பது சேஸிஸிலும் கியர்பாக்ஸிலும். பிளாக்கில் தனி நம்பரே இல்லை. போதாததற்கு, எஞ்சின் தேய்ந்தால் டீலரிடம் கொடுத்துவிட்டு, புதுப்பித்த வேறொன்றை மாற்றி வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை ஃபோர்டே வைத்திருந்தது. 1932 வண்டியில் 1932 எஞ்சின் இருந்தாலும், கூடவே பிறந்ததா, இடையில் வந்து சேர்ந்ததா என்று யார் சத்தியம் செய்வது? எங்கிருந்தோ ஒன்றை வாங்கி வந்து வைத்தால், அந்தக் குடும்பத்துக்கு அது முகம் தெரியாத ஆள். ஃபேக்டரிக் கோலத்துக்குத்தான் மதிப்பு என்றும் இல்லை. பெபிள் பீச்சில் பெரிய பணக்காரக் கார்க் கண்காட்சி நடக்கும். 1997-இல் அங்கே முதன்முதலாக ஹாட் ராடுகளுக்குத் தனி வரிசை கொடுத்தார்கள். ஃபேக்டரியிலிருந்து வந்த கோலத்துக்குத் திருப்பியிருந்தால் அந்த வண்டிகள் அந்த வரிசைக்கே வந்திருக்காது.

நான் மெர்க்குரி கட்சி. மறைக்கவில்லை. செவர்லே தினமும் வந்துகொண்டிருக்கும். அப்பா கையால் சோதித்து, புழுதியில் ஓட்டி, தார்ப்பாயில் சுற்றி, விற்காமல் வைத்திருந்த பிளாக் ஒன்றுதான். வேண்டாதவர் பழைய இரும்புக்குப் போட்டிருப்பார்.

தங்கை ஒப்புக்கொண்டார், இரண்டு நிபந்தனையோடு. செவர்லேயை விற்கக்கூடாது, அவர் வீட்டு கராஜில் ஸ்டாண்டில் நிற்க வேண்டும். ஃபயர்வாலில் அப்பா 1963-இல் சுத்தியலால் அடித்து உள்வாங்கிய பள்ளத்தை நிமிர்த்தக்கூடாது. தகர வேலை செய்கிறவருக்கு அதை அப்படியே விட மனசே வரவில்லை. “இது எங்கள் அப்பாவின் கையெழுத்து” என்று தங்கை சொன்ன பிறகு பெயின்ட் மட்டும் அடித்தார்.

முதல்முறை ஸ்டார்ட் செய்த அன்று இருவரும் வந்திருந்தார்கள். மூன்றாவது சுற்றில் பிடித்தது. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தங்கை கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, “நன்றாக இருக்கிறது. ஆனால் இது நான் கேட்ட அப்பா இல்லை” என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தெர்மாமீட்டரைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். நாற்பது நிமிடம் ஓடியது, கொதிக்கவில்லை.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். கார்புரேட்டர் பற்றிச் சொல்ல நினைத்தது அப்படியே நிற்கிறது, போகட்டும். நம் பக்கத்துப் பழைய ஜின்னிங் ஃபேக்டரி, லாரி செட், கிணற்றடி எதிலாவது அந்த டிஸ்போசல் லாரிகளின் பிளாக் ஒன்று இன்னும் கிடக்கலாம் என்று எனக்கு ஒரு நப்பாசை. கண்ணில் பட்டால் எடைக்குப் போடுவதற்கு முன்னால் தண்ணீர்த் துளையில் ஒரு ஸ்போக்கை விட்டுப் பாருங்கள். மணல் வந்தால் நிலையத்துக்கு ஒரு கார்டு போடுங்கள். அடுத்த லீவுக்கு வரும்போது நான் நேரில் வந்து பார்க்கிறேன்.