பிடி எது? அடி எது?



"சார், எம்பிள்ளைய கபடியில சேர்க்காதீங்க, மண்டையில அடிபட்டா யாரு பார்க்கிறது?" என்றார் ஒரு தாய். நியாயமான கேள்வி. விதியைச் சொன்னேன். பாடி வருபவரைக் கை, கால், உடம்பில்தான் பிடிக்கலாம். முடியை இழுக்கவோ வாயைப் பொத்தவோ கூடாது. காலால் கத்தரிப்பூட்டுப் போடுவதும் குற்றம். மஞ்சள் அட்டை காட்டினால் 2 நிமிடம் வெளியே. சிவப்பென்றால் ஆட்டமே போச்சு!

சிக்கல் வேறிடத்தில். சங்கிலிப் பிடிக்குள் குனிந்து நுழைபவன் தலை, பிடிப்பவன் முழங்காலில் மோதினால்? இருவரிடமும் வஞ்சனை இல்லையே! வட அமெரிக்கப் பனி ஹாக்கியிலும் இதே வாக்குவாதம்தான். உடலால் மோதுவது அங்கே ஆட்டத்தின் அங்கம். இருந்தும், பக்கவாட்டில் வந்து தலையைக் குறிவைத்து மோதுவதைத் தேசிய ஹாக்கி லீக் 2010-இல் தடை செய்தது. தலையில் பட்டதைத் தவிர்த்திருக்க முடியுமா என்றும் இப்போது பார்க்கிறார்கள். எனக்கு அதுவே சரியாகப் படுகிறது.

ஜொகூர் பாருவில் மழைவிட்ட திடலில், எடை பார்க்காமல் பெரியவனையும் சின்னவனையும் மோதவிடுவது தவிர்க்கக்கூடியதுதானே? குனிந்து பிடிக்கும்போது தலையை ஓரமாக வைக்கப் பழக்குவோம்.

மோதி விழுந்த பையன் "ஒண்ணுமில்ல சார்" என்பான். நம்பாதீர்கள், அன்று அவனை உட்கார வையுங்கள், பந்தயம் போனாலும் சரி.