முதுமைக்கும் காவல் உண்டு



ஆண்டு விழாவில் ஓர் இரயில்வே குமாஸ்தா மருத்துவம் பேசுவானேன் என்று சிலர் எண்ணலாம். நாம் மருத்துவர் அல்லோம். ஆயினும், ஊரிலிருந்து பெற்றோரை அழைத்து வந்து உடன் வைத்துக் காக்கும் குடும்பங்கள் நம் காலனியில் பல. "இந்த வயதில் எனக்கு ஊசி எதற்கு?" என்னும் சொல்லை அவ்வீடுகளில் அடிக்கடி கேட்கிறோம். அதற்கு விடை காண்பதே நம் நோக்கம்.

அச்சொல்லில் ஓரளவு உண்மை உண்டு. தடுப்பூசி தானே நோயோடு போரிடுவதன்று. பகைவன் அடையாளத்தை உடலுக்குக் காட்டுவதே அதன் பணி. படை திரட்ட வேண்டியது உடல். அப்படையின் ஒரு பிரிவாகிய டி அணுக்கள், நெஞ்செலும்பின் பின்னே உள்ள தைமஸ் சுரப்பியில் பயிற்சி பெறுகின்றன. வயது ஏற ஏற அச்சுரப்பி சுருங்கிக் கொழுப்பாகிறது. புதிய வீரர் குறைகின்றனர். ஆகவே பேரனுக்குப் போதுமான ஊசி பாட்டனாருக்குப் போதாமற் போகலாம்.

அதனால் ஊசி வீண் என்று முடிவு கட்டலாமோ? அறிஞர்கள் அவ்வாறு விட்டுவிடவில்லை. முதியோர்க்கு ஏற்ப ஊசியையே மாற்றினர்.

அக்கியை எடுத்துக்கொள்வோம். குயவரிடம் சென்று காவி குழைத்து 'அக்கி எழுதி' வருவது நம் ஊர் வழக்கம். இளமையில் வந்த சின்னம்மையின் கிருமி நரம்பில் ஒளிந்திருந்து, உடல் தளர்ந்த காலத்தில் கொப்புளமாய் வெளிப்படுவதே அந்நோய். மேலே பூசும் காவி அந்நரம்பை எட்டாது. கொப்புளம் ஆறிய பின்னும் சிலரை வலி திங்கள் கணக்கில் வாட்டும்.

இதற்கென வலுக்குறைத்த கிருமியால் ஆன ஊசி ஒன்று 2006இல் அமெரிக்காவில் வந்தது. ஆய்வில் அது 60 வயது கடந்தோரிடம் நோயை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது; 70 கடந்தோரிடமோ 38 விழுக்காடே குறைத்தது. 2017இல் அங்கே மற்றொன்று அனுமதி பெற்றது. கிருமியின் ஒரு புரதத்தோடு, சிலி நாட்டு மரப்பட்டைச் சத்து முதலிய துணைப்பொருள்களை இதில் சேர்த்தனர். உறங்கும் படையைத் தட்டி எழுப்புவது அத்துணைப்பொருளே. இது 70 கடந்தோரையும் ஏறத்தாழ 90 விழுக்காடு காத்தது. 2023 முதல் நம் நாட்டிலும் கிடைக்கிறது.

ஃப்ளூ காய்ச்சலுக்கு வேறொரு வழி கண்டனர். 65 வயது கடந்தோர்க்கு மருந்தின் அளவை நான்கு மடங்காக்கினர். ஏறத்தாழ 32,000 பேரிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான ஊசி பெற்றோரைவிட இவர்களிடம் அக்காய்ச்சல் 24 விழுக்காடு குறைவாகவே கண்டது.

நாம் செய்யத்தக்கவை சில. எவ்வூசி ஏற்றது என்று மருத்துவரைக் கேட்டறிதல் வேண்டும். புதிய அக்கி ஊசி இரண்டு முதல் ஆறு திங்கள் இடைவெளியில் இருமுறை போடத்தக்கது. முதல் ஊசிக்குப் பின் கைவலியும் காய்ச்சலும் ஓரிரு நாள் வரலாம். அதற்கஞ்சி இரண்டாவதை விடலாகாது. வீட்டிலுள்ள இளையோரும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டால், முதியோரை நோய் அணுகும் வழி குறையும்.

அக்கி ஊசியின் விலை மிகுதிதான். பெரியோர் "வேண்டாம்" என்பதில் ஊசியச்சத்தைவிட நம் சம்பளத்தைப் பற்றிய கவலையே பெரிது. அக்கவலையை அவர்கள்மேல் சுமத்தாது, திருமணத்திற்கும் பள்ளிக் கட்டணத்திற்கும் சேர்ப்பதுபோல் இதற்கும் சிறுகச் சிறுகச் சேர்ப்போமாக. நம்மை வளர்த்தவர்க்கு நாம் செலுத்தும் கடன் அது.