திறப்பை விட்டதும் நிற்கும் கார்

மோட்டார் வண்டியைப் பற்றிப் பேச இவருக்கு என்ன தகுதி என்று நேயர்கள் கேட்கலாம். நான் கலைப் பட்டதாரி. தமிழும் வரலாறும் கற்றவன். மாத்தளை மாவட்டத்தில் ஓர் அரசினர் பாடசாலையின் அதிபர். எஞ்சினின் மூடியைத் திறந்தால் நான் பெயர் சொல்லக்கூடியவை பற்றரியும் தண்ணீர் ஊற்றும் வாயும் மட்டுமே. எனினும், ஒரு பழைய கார் எனக்கு மூன்று மாத காலம் பாடம் நடத்திற்று. அந்தப் பாடத்தின் நடுவே ஒரு நாள் என் மாணவர் மூவரின் உயிருக்கே ஆபத்து நேர இருந்தது. ஆதலால் அதனைச் சொல்லும் கடமை எனக்கு உண்டு.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனிப்பட்டோரின் பாவனைக்கான கார்கள் மீண்டும் வருவதற்கு 2025 பெப்ரவரி வரை நாம் காத்திருக்க வேண்டியதாயிற்று. இடைப்பட்ட காலத்தில் நம் நாட்டிலே பழைய கார் பழைய பொருளாக மதிக்கப்படவில்லை. நகையைப் போல விலை ஏறிற்று. அந்த ஏற்றத்தின் நடுவில்தான் நானும் ஒன்றை வாங்கினேன். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் செய்யப்பட்ட கார் அது. எனக்கு முன் எத்தனை பேர் கைகளில் புழங்கிற்றோ, அறியேன். 2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது அது வாரக்கணக்கில் வீட்டு முற்றத்தில் அசையாமல் நின்றது. அவ்வாண்டு யூலை மாதத்தில் கியூ.ஆர். முறை வந்து, வாரத்திற்கு இவ்வளவு என்று பெற்றோல் கிடைக்கத் தொடங்கிய பின்னரே மீண்டும் தெருவைக் கண்டது.

ஒக்டோபரில் நோய் தொடங்கிற்று. திறப்பைத் திருப்பினால் எஞ்சின் உடனே முழங்கும். விரலை எடுத்த மாத்திரத்தில் அடங்கிவிடும். சில காலைகளில் ஐந்தாறு முறை முயன்ற பிறகு, ஒன்றுமே நடவாதது போல ஓடும். அப்படி ஓடிவிட்டால் இறத்தோட்டை ஏற்றத்தையும் முணுமுணுக்காமல் ஏறும்.

கராஜில் காட்டினேன். நெடுநாள் நின்ற வண்டியாதலின் பெற்றோல் கெட்டிருக்கும் என்றனர். அது நம்பத் தகுந்த காரணம்தான். நின்றுபோன பெற்றோல் பிசின் போலப் படிந்து காபுரேற்றரின் நுண்ணிய துளைகளை அடைப்பதுண்டு. தாங்கியை வடித்துக் காபுரேற்றரைக் கழுவினார்கள். நான்கு நாள் நன்றாக ஓடிற்று. பிறகு பழைய கதை. பிளக்குகளை மாற்றினார்கள். ஒரு வாரம் ஓடிற்று; பிறகும் அதே கதை. ஒவ்வொரு முறையும் செய்த வேலையே பலித்தது என்று நாங்கள் நம்பினோம். நோய் தானாகவே வந்து தானாகவே போகும் தன்மையது என்பது எவர்க்கும் தோன்றவில்லை. இறுதியில், கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பழைய காபுரேற்றர் ஒன்று வருவித்து மாற்றுவதே வழி என்றார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்டுப் படிவமும் நிரப்பிவிட்டேன். திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தை முப்பது ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருபவன் நான். நோயின் காரணத்தைத் தேடாமல் மருந்தை மாற்றிக்கொண்டே இருக்கிறோம் என்பது எனக்கு உறைக்கவில்லை.

நவம்பரில் ஒரு நாள் பிற்பகல், பாடசாலை விட்ட பின்னர், வண்டி வழக்கம் போல அடம் பிடித்தது. எங்கள் பாடசாலை மேட்டில் இருக்கிறது. வாசலில் இருந்து தெரு சரிவாக இறங்கி ஒரு வளைவில் முடிகிறது. உயர்தர வகுப்பு மாணவர் மூவர் தள்ளுவதற்கு முன்வந்தனர். மழை தூறிக்கொண்டிருந்தது. திறப்பைத் திருப்பி, இரண்டாம் கியரில் கிளட்சை விட்டேன். வண்டி குலுங்கிற்றேயன்றி உயிர் பெறவில்லை. கிளட்சை மிதித்தேன், வேகம் கூடிற்று. பிரேக்கை இரண்டு முறை அழுத்தியதில் அதற்கு எஞ்சியிருந்த துணையும் தீர்ந்துபோக, மிதி கல்லாய் இறுகிவிட்டது. எஞ்சின் ஓடும்போது நம் காலுக்குத் துணை நிற்கும் சக்தி, எஞ்சின் நின்றால் கிடையாது. முழுப் பலத்தோடு மிதிக்க வேண்டும். இதனை நான் அறிந்திருக்கவில்லை. பிள்ளைகளில் ஒருவன் வண்டியை நிறுத்துவதாக எண்ணி முன்னால் ஓடி வந்தான். கைப்பிரேக்கை இழுத்து, சக்கரத்தை மேட்டுப் பக்கத்துக் கானில் இறக்கினேன். அவனுக்கும் வண்டிக்கும் இடையில் ஒரு முழமே இருந்தது. அவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கை நடுக்கம் அடங்கப் பொழுது சாய்ந்துவிட்டது. அதன் பிறகு எந்தப் பிள்ளையையும் வண்டி தள்ள நான் அழைத்ததில்லை.

அந்தப் பிள்ளைகளில் ஒருவனுடைய பாட்டனார் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பார்த்து ஓய்வு பெற்றவர். மறுநாள் காலை அவரே வந்தார். வண்டியைத் தொடவில்லை, முதலில் என்னைக் கேட்டார். "சேர், எந்த நொடியில் நிற்கிறது? திறப்பை விட்ட உடனேயா, நாலைந்து நொடி ஓடித் தள்ளாடிய பிறகா?" விட்ட உடனே என்றேன். "அக்சிலறேற்றரை மிதித்துப் பிடித்தால் நிற்காமல் இருக்கிறதா?" இல்லை என்றேன். "நேற்றுத் தள்ளியபோது ஒரு வெடியாவது வெடித்ததா?" அதுவும் இல்லை. "அப்படியென்றால் பெற்றோலைக் குறை சொல்லாதீர்கள், சேர்" என்றார்.

அவர் விளக்கியதை என்னால் இயன்றவாறு சொல்கிறேன். பிளக்கிற்குத் தீப்பொறி தருவது கொயில். 12 வோல்ற்று பற்றரி, ஸ்டார்ட்டரைச் சுழற்றும் பளுவில் 10 வோல்ற்று அளவுக்கும் கீழே இறங்கக்கூடும்; அப்போதும் பொறி வலுவாக வர வேண்டும். ஆகவே இவ்வகைக் கார்களில் கொயிலைக் குறைந்த மின்னழுத்தத்திற்கே செய்து வைக்கிறார்கள். ஸ்டார்ட்டர் சுழலும்போது பற்றரியின் முழு மின்சாரமும் ஒரு குறுக்கு வழியாகக் கொயிலுக்குப் போகிறது. எஞ்சின் ஓடத் தொடங்கினால் மின்னழுத்தம் 14 வோல்ற்றை எட்டும். அதனை அப்படியே கொடுத்தால் கொயில் சுட்டுப் போகும். ஆகவே திறப்பை விட்டதும் குறுக்கு வழி மூடி, மின்சாரம் ஒரு தடைக் கம்பி வழியாக அளவாகச் செல்கிறது. பீங்கான் கட்டிக்குள் சுருட்டி வைத்த அந்தக் கம்பி அறுந்தால், ஸ்டார்ட்டர் சுழலும் வரை பொறி உண்டு. திறப்பை விட்டதும் பொறி இல்லை. தள்ளும்போது ஸ்டார்ட்டருக்கு வேலை இல்லையாதலால் குறுக்கு வழியும் திறப்பதில்லை. சரிவில் எவ்வளவு தூரம் உருண்டாலும் அது உயிர் பெற்றிராது. என் வண்டியில் கம்பி அறுந்தும் அறாமலும், முனைகள் சில வேளை தொட்டும் சில வேளை விலகியும் இருந்தன. நாலு நாள் ஓடியதன் மருமம் அதுவே.

மீற்றரை வைத்துப் பார்த்தார். கட்டியைத் தட்டத் தட்ட முள் ஆடிற்று. ஒரு துண்டு வயரால் அதன் இரு முனைகளையும் இணைத்துச் சில நொடிகள் மட்டும் ஓட்டிக் காட்டினார். அப்படியே வைத்து ஓட்டலாமா என்று கேட்டேன். கொயில் வெந்து போகும் என்று கண்டித்தார். பற்றரியையும் கொயிலையும் கொண்டு பொறி உண்டாக்கும் முறையைச் செப்பனிட்டவர் அமெரிக்கரான சார்ள்ஸ் கெற்றரிங் என்றும், அவர் முதலில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்றும் பின்னர் படித்தேன். எங்கள் இனத்தவர் ஒருவர் அங்கே இருந்திருக்கிறார் என்பதில் எனக்குச் சிறு பெருமை.

எல்லாக் கார்களுக்கும் இதுவே நோய் என்று எவரும் கொள்ளலாகாது. மிதித்துப் பிடித்தால் ஓடி, காலை எடுத்தால் நிற்குமானால் ஐட்லிங் துளையையோ, காற்று கசியும் குழாயையோ பார்க்க வேண்டும். சிறிது ஓடித் தள்ளாடி நின்றால் பெற்றோல் பம்பு, வடிகட்டி, தாங்கியில் தண்ணீர் என்று தேட வேண்டும். காபுரேற்றர் இல்லாத புதிய கார்களில், காற்று புகும் வாயில் கரி படிவதால் இது நேர்வதுண்டு. திருட்டைத் தடுக்கும் கருவி திறப்பை அடையாளம் காணாமல் ஓரிரு நொடியில் நிறுத்துவதும் உண்டு; அப்போது எச்சரிக்கை விளக்கு மின்னும், மாற்றுத் திறப்பைப் போட்டுப் பார்க்கலாம்.

புதிய தடைக் கம்பி, முன்பு மாற்றிய பிளக்குகளின் விலையைக் கூட எட்டவில்லை. பெரியவர் கூலி வாங்க மறுத்துத் தேநீர் மட்டும் குடித்தார். கடன் படிவத்தைக் கிழித்துவிட்டு, காபுரேற்றர் வேண்டாம் என்று சொல்லக் கராஜுக்குப் போனேன். பழைய பீங்கான் கட்டியையும் கொண்டு போயிருந்தேன். அங்கிருந்தவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மூலையில் மூடி திறந்து கிடந்த ஒரு வண்டியின் பக்கம் திரும்பி, "அதுவும் இப்படித்தான் நிற்கிறது, சேர். அந்தப் பெரியவரை ஒரு தரம் வரச் சொல்வீர்களா?" என்று கேட்டார்.