யார் தருவது முதற்காசு?

1935ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்க நாட்டின் நடுவிலே பரந்து கிடக்கும் சமவெளியிலே, கான்சாஸ், ஒக்லகோமா, டெக்சாஸ் மாநிலங்களிலே, கருமலை ஒன்று நகர்ந்து வந்தது. மலை நகருமா என்று கேட்பீர்கள். நகர்ந்தது, ஏனெனில் அது கல்லாலான மலையன்று, புழுதியாலான மலை! பகலவன் மறைந்தான், பிற்பகல் நள்ளிரவாயிற்று, நீட்டிய கை நீட்டியவன் கண்ணுக்கே புலப்படவில்லை. ஞாயிறு இருண்ட அந்த ஞாயிற்றைக் 'கறுப்பு ஞாயிறு' என்றே அந்நாட்டு வரலாறு குறிக்கிறது.

எங்கிருந்து வந்தது அந்தப் புழுதி? பகைவன் ஏவினானா? பாலைவனம் படையெடுத்ததா? இல்லை. கோதுமை விளைந்த வயலின் மேல்மண் அது! பல்லாயிரம் ஆண்டுகளாகப் புல்லின் வேர் பற்றி வைத்திருந்த மண். முதல் உலகப் போர்க் காலத்திலே கோதுமை விலை ஏறிற்று. 'உழு, உழு' என்று ஊக்கினர். புல் போயிற்று, வேர் போயிற்று. பின்னர் விலை விழுந்தது. கடன் கழுத்தை நெரித்தது. கடனை அடைக்க மேலும் உழுதான் உழவன். 1930களிலே மழை பொய்த்தது, காற்று எழுந்தது, மண் பறந்தது. 1934 மே மாதப் புயலிலே, அந்த மண் நியூயார்க் நகரையும் கடந்து, அட்லாண்டிக் கடலிலே சென்ற கப்பல்களின் மீதும் படிந்தது.

"நிலம் அவனுடையது, கெடுத்தவனும் அவனே, நட்டத்தை அவனே சுமக்கட்டும்!" என்று வாதிடுவோர் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. நான் கேட்கிறேன்: எல்லைக்கல் கண்டு நிற்குமா புழுதி? பட்டா பார்த்துப் பாயுமா வெள்ளம்? ஒருவன் வயலின் மண், ஊரார் நுரையீரலிலே புகுகிறது. ஒருவன் தெளித்த உரம், நகரத்தார் குடிநீரிலே கலக்கிறது. நிலம் தனியுடைமையாக இருக்கலாம். நிலத்தின் கேடு பொதுவுடைமையாகிவிடுகிறதே! கேடு பொதுவென்றால் காக்கும் செலவும் பொதுவாதல்தானே முறை? அதிலும், எவரும் செய்து பார்க்காத புதுமுறைக்கு முதற்காசு பொதுப்பணமாகவே இருக்கவேண்டும். இதுவே இன்று உங்கள்முன் நான் வைக்கும் வழக்கு.

சாட்சிகளை அழைக்கிறேன்.

முதற் சாட்சி, ஹியூ பென்னட் எனும் மண்ணியல் அறிஞர். மண் அரிப்பு நாட்டுக்கே வந்த கேடு என்று 1928ஆம் ஆண்டிலேயே எழுதி எச்சரித்தவர். 1933இல் மண் அரிப்புத் தடுப்புப் பணிக்கு அவரைத் தலைவராக்கினர். விஸ்கான்சின் மாநிலத்துக் கூன் பள்ளத்தாக்கிலே முதல் வேலை தொடங்கிற்று. குன்றுகள் நிறைந்த பால்பண்ணைப் பகுதி அது. மேலிருந்து கீழாக நேர்க்கோட்டில் உழுதார்கள்; மழை வந்தால் மண் வழிந்து பள்ளங்கள் வாய் பிளந்தன. "குன்றின் வளைவுக்கேற்ப வளைத்து உழு, ஒரு பட்டை பயிர், ஒரு பட்டை புல் என மாற்றி வை, சரிவிலுள்ள காட்டிலே மாட்டை மேயவிடாதே" என்றது புதுமுறை.

"உன் பாட்டன் உழுதது தவறு" என்று பட்டணத்திலிருந்து வந்தவன் சொன்னால், பண்ணைக்காரன் ஏற்பானா? அறிவுரை மட்டும் வந்திருந்தால் வாசலோடு திரும்பியிருக்கும். அறிவுரையோடு ஆளும் வந்தது, விதையும் வந்தது, சுண்ணாம்பும் வந்தது, வேலிக் கம்பியும் வந்தது! ஐந்தாண்டு ஒப்பந்தம், உழவன் தன் நிலத்தைத் திருத்தியமைக்கவேண்டும், அரசு உழைப்பும் பொருளும் தரவேண்டும். வேலையற்றிருந்த இளைஞர்கள் கூலி பெற்று மரம் நட்டனர், கரை கட்டினர். 400க்கும் மேற்பட்ட உழவர்கள் கையொப்பமிட்டனர். ஆல்டோ லியோபோல்ட் எனும் இயற்கையியல் பேரறிஞர், 1935இலேயே இதனைப் பாராட்டி எழுதினார்.

கறுப்பு ஞாயிறு கழிந்து பதின்மூன்றாம் நாள், 1935 ஏப்ரல் 27இல், மண் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1985இல் வந்தது இன்னொரு சட்டம்: அரிக்கும் நிலத்தை உழாது விட்டு, புல்லோ மரமோ வளர்த்தால், பத்து முதல் பதினைந்து ஆண்டுகளுக்கு அரசே வாடகை தரும் என்றது. 2002ஆம் ஆண்டு வேளாண் சட்டம், புதிய பாதுகாப்பு முறைகளைச் சோதிப்பதற்கென்றே நல்கைகளை ஏற்படுத்தியது. 2018ஆம் ஆண்டுச் சட்டம், உழவர் வயலிலேயே சோதனை நடத்த, 2019 முதல் 2023 வரை ஆண்டுக்கு 2.5 கோடி டாலர் ஒதுக்கியது. சோதனையால் வருவாய் குறைந்தால் அதனை ஈடுசெய்யவும் அதிலே இடம் வைத்தது.

ஏன் அந்த ஈடு? ஒரு சிறு நாடகக் காட்சியாகக் காட்டுகிறேன்.

கருவூலம் கேட்கிறது: "உழவனே! புதுமுறை நல்லதென்றால் நீயே செய்வதுதானே?"

உழவன் சொல்கிறான்: "ஐயா, வென்றால் எனக்கும் பயன், ஆற்றின் கீழேயுள்ள நகரத்துக்கும் பயன். தோற்றால் நட்டம் எனக்கு மட்டுந்தானே? ஒரு போகம் தவறினால் கடன்காரன் வாசலிலே நிற்பான். 'ஆராய்ச்சி செய்தேன்' என்று சொன்னால், அசலைத் தள்ளுவானா, வட்டியைத் தள்ளுவானா?"

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடவேண்டுமே!" என்கிறது கருவூலம்.

"அளந்து போடு என்றார்கள், ஐயா, போடாதே என்று சொல்லவில்லையே!" என்கிறான் உழவன்.

வணிகர் தரமாட்டாரா என்று கேட்பாரும் உளர். ஓடாமல் நின்ற மண்ணை எந்தக் கடையிலே விற்பது? தெளிந்த ஓடையை எந்தத் தராசிலே நிறுப்பது? விற்க முடியாத நன்மைக்கு வணிகன் முதலிடமாட்டான். அவனைக் குறை கூறிப் பயனில்லை. அது அவன் தொழிலன்று. அது அரசின் தொழில்!

இரண்டாம் சாட்சி, லியோபோல்ட் பிறந்த ஐயோவா மாநிலம். 1987இல் அங்கே நிலத்தடி நீரைக் காக்க ஒரு சட்டம் செய்தனர். தழைச்சத்து உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் கட்டணம் விதித்து, அதிலிருந்து லியோபோல்ட் பெயரிலே ஓர் ஆய்வு மையம் நிறுவினர். நீரைக் கெடுக்கும் பொருளிலிருந்தே நீரைக் காக்கக் காசு. எத்துணை அழகான ஏற்பாடு!

அம்மையம் துணைநின்ற ஆய்வொன்று, 2007 முதல் அம்மாநிலத்திலே நடந்தது. மக்காச்சோளமும் சோயாவும் விளையும் வயலிலே பத்தில் ஒரு பங்கை மட்டும் எடுத்து, பண்டைய சமவெளியின் புல்லும் பூஞ்செடியும் பட்டைகளாக விதைத்தனர். விளைவு? வயலைவிட்டு ஓடிய மண், இருபதில் ஒரு பங்காகக் குறைந்தது! வண்டினம் வந்தது, பறவையினம் பெருகிற்று. 2017இல் முடிவுகள் அச்சேறின. 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே, இந்தப் புல்பட்டைகளுக்கும் நடுவண் அரசின் வாடகை கிடைக்கலாயிற்று.

பாராட்டு விழா நடந்திருக்கும் என்று எண்ணுவீர்கள். அதே 2017இலே மாநிலச் சட்டமன்றம் அந்த மையத்தின் நிதியைப் பறித்தது! பெயர்ப் பலகை மிஞ்சிற்று, பணப்பை போயிற்று. பத்தாண்டு பொறுத்துக் கனி கொடுத்த மரத்துக்கு, கனி பழுத்த ஆண்டிலே கோடரி!

மூன்றாம் சாட்சி அண்மைக் காலத்தது. 2022ஆம் ஆண்டுச் சட்டமொன்று, பண்ணைப் பாதுகாப்புப் பணிகளுக்கென ஏறத்தாழ 1,950 கோடி டாலர் ஒதுக்கிற்று. இத்திட்டங்களிலே உழவன் முதலில் தன் கைப்பணத்தைச் செலவிடுவான். வேலை முடிந்தபின் அரசு தன் பங்கைத் தரும். இதுதான் பெரும்பாலும் வழக்கம். 2025 சனவரியிலே ஆட்சி மாறிற்று, பணம் முடக்கப்பட்டது. வேலி போட்டவன், விதை வாங்கியவன், கடன் பெற்றவன், கையிலே அரசின் ஒப்பந்தத்தோடு காத்து நின்றான். பிப்ரவரியிலே முதல் தவணையாக விடுவிக்கப்பட்டது ஏறத்தாழ 2 கோடி டாலர். எஞ்சிய நிதியை, சூலையிலே வந்த சட்டம் வழக்கமான வேளாண் திட்டங்களோடு சேர்த்தது. பணம் முழுதும் அழியவில்லை என்பர். பணம் அழியவில்லை; நம்பிக்கை? மழை பொய்த்தால் உழவன் அடுத்த ஆண்டும் விதைப்பான். அரசு பொய்த்தால், அடுத்த ஒப்பந்தத்திலே கையொப்பமிட விரல் தயங்குமே!

தோழர்களே, சாட்சிகள் மூவரும் சொல்வது ஒன்றே. புதுமுறைக்கு முதற்காசு பொதுக் கருவூலத்திலிருந்து வரவேண்டும். வந்த காசு, வேர் பிடிக்கும்வரை நிலைக்கவேண்டும்; ஏனெனில் மண் ஐந்தாண்டுத் தேர்தலுக்குக் கட்டுப்பட்டு விளைவதன்று. கொடுத்த சொல்லை, ஆட்சி மாறினும் அரசு மீறலாகாது.

உழவனுக்குத் தரும் பணத்தை 'இனாம்' என்று எவரேனும் ஏளனம் செய்தால், கேளுங்கள்: "வயலிலே நின்ற மண்ணும், ஓடையிலே தெளிந்த நீரும் யாருக்குச் சேர்ந்தன?" தனக்கும் சேர்ந்தது என்று அவர் ஒப்பியபின், பற்றுச்சீட்டை அவர் பெயரிலேயே எழுதுங்கள்!