சமூகப்பணியாளர் யாருடைய ஆள்?

(சமூகப்பணித் துறை மாணவர்களுக்கான பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'சமூகக் கொள்கையும் சமூகப்பணியாளரின் பங்கும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். பெரிய தலைப்பு. நான் ஒரே ஒரு சட்டத்தை வைத்துப் பேசலாம்னு நினைக்கிறேன். கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்து, அதில் தள்ளப்பட்டவர்களுக்கு மறுவாழ்வு தரச் சொல்லும் 2013ஆம் ஆண்டுச் சட்டம். சாதிக்கும் அரசுக்கும் நடுவுல சமூகப்பணியாளர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது இதில் அப்பட்டமாகத் தெரியும்.

அதற்கு முன்னால் ஒரு பழைய விவாதம். 1932இல் பூனா ஒப்பந்தம் முடிந்த கையோடு காந்தியாரின் ஆதரவில் தீண்டாமை ஒழிப்புக்கான ஓர் அமைப்பு தொடங்கப்பட்டது. பிறகு அதுவே ஹரிஜன சேவா சங்கம் ஆனது. மூன்றாம் வட்டமேசை மாநாட்டுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த அம்பேத்கர், அந்த ஆண்டு நவம்பரில் அதன் செயலாளர் தக்கர் பாபாவுக்கு நீண்ட கடிதம் எழுதினார். சேவை செய்ய இரண்டு வழி இருக்கிறது என்றார். ஒன்று, தாழ்த்தப்பட்டவனின் நிலைக்கு அவனுடைய நடத்தைதான் காரணம் என்று நம்பி, குடியை விடு, படி, உடம்பைப் பேணு என்று ஆளைத் திருத்துவது. இன்னொன்று, அவனைச் சுற்றியிருக்கிற சமூகமே காரணம் என்று கண்டு, கிணற்றுக்காகவும் பள்ளிக்கூடத்துக்காகவும் உரிமைப் போராட்டம் நடத்துவது. இரண்டாவது வழியில் போங்கள், ஊழியர்களையும் அந்த மக்களிடமிருந்தே எடுங்கள் என்றார். அந்தக் கடிதத்துக்குப் பதிலே வரவில்லை என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார்.

1936இல் பம்பாயில் இந்தியாவின் முதல் சமூகப்பணிக் கல்லூரி வந்தது. 1952இல் சென்னைக்கும் ஒன்று வந்தது. தனிநபர் பணி, குழுப்பணி என்று பாடங்கள் வந்தன. நான் படித்தபோது சாதி எங்கே இருந்தது தெரியுமா? 'சமூகப் பிரச்சினைகள்' என்ற தாளில், குடிப்பழக்கத்துக்கும் பிச்சை எடுப்பதற்கும் நடுவில் ஓர் அத்தியாயமாக. அம்பேத்கர் வேண்டாம் என்ற முதல் வழியைத்தான் எங்களுக்குப் பாடமாக நடத்தினார்கள்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 1993இல் ஒரு சட்டம் போட்டார்கள். பல மாநிலங்கள் அதைத் தூசி படிய வைத்திருந்தன. 2003இல் சஃபாய் கர்மச்சாரி அந்தோலன் உச்சநீதிமன்றம் போனபோது, 'எங்கள் மாநிலத்தில் அப்படி யாருமே இல்லை' என்று கூசாமல் எழுதிக் கொடுத்த அரசுகள் உண்டு. போராட்டத்துக்குப் பிறகுதான் 2013 சட்டமும், சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்ன 2014 தீர்ப்பும் வந்தன. 2023 அக்டோபரில் அந்தத் தொகையை 30 லட்சமாக்கியது உச்சநீதிமன்றம்.

சரி, மறுவாழ்வு யாருக்கு? கணக்கெடுப்பில் பெயர் இருப்பவருக்கு மட்டும். விஷயமே இங்கேதான் இருக்கு.

மனிதர் கையால் மலம் அகற்றப்படும் கழிப்பறைகள் 7 லட்சத்து 94 ஆயிரம் என்றது 2011 மக்கள்தொகைக் கணக்கு. ஆனால் 2013, 2018 கணக்கெடுப்புகள் இரண்டிலும் சேர்த்து நாடு முழுவதும் கண்டுபிடிக்கப்பட்ட ஆட்கள் 58,098 பேர். தமிழ்நாட்டில் 398 பேர். அத்தனை கழிப்பறைகளையும் இத்தனை பேர்தான் அள்ளினார்களா? சாதி விவரம் தெரிந்தவர்களில் 100க்கு 97 பேர் பட்டியல் சாதியினர் என்று 2021இல் அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. ஆளைக் குறைக்க முடிந்தது, சாதியை மறைக்க முடியவில்லை.

எப்படிக் குறைந்தது? நகரத்தில் கணக்கெடுக்க வேண்டியது நகராட்சி. தன் எல்லைக்குள் மலம் அள்ளும் ஆள் உண்டு என்று அது எழுதினால், தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டதாக ஆகும். எழுதுமா? 'நானே அந்த வேலை செய்கிறேன்' என்று விண்ணப்பிக்கவும் சட்டத்தில் இடம் இருக்கு. ஆனால் ஒப்பந்தக்காரரிடம் தினக்கூலிக்குப் போகும் ஓர் அருந்ததியப் பெண் அப்படி எழுதிக் கொடுத்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போக முடியுமா?

இன்னொரு ஓட்டையும் இருக்கு. அரசு அறிவிக்கும் கருவியும் பாதுகாப்பு உடையும் கொடுத்துவிட்டால், அவர் சட்டப்படி மலம் அள்ளுபவரே அல்ல. கையுறை போட்டுவிட்டால் சாதித்தொழில் போயிடுமா? 2021இல் மலம் அள்ளுவதால் யாரும் சாகவில்லை என்று நாடாளுமன்றத்தில் பதில் சொன்னார்கள். சாக்கடையிலும் மலக்குழியிலும் செத்தவர்களை 'அபாயகரமான துப்புரவு' என்று வேறு பெயரில் எழுதிக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் நம் ஆள் என்ன செய்கிறார்? நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு சிறுநகரத்தில் மலக்குழியில் இறங்கிய இளைஞன் விஷவாயு தாக்கிச் செத்துப்போனான். தொண்டு நிறுவனத்திலிருந்து ஒரு சமூகப்பணியாளர் வந்தார், நல்ல மனுசன்தான். அந்த அம்மாவிடம் உட்கார்ந்து பேசி, வயது, வருமானம், பிள்ளைகள் எல்லாம் எழுதினார். 'கணவர் குடிப்பழக்கம் உள்ளவர்' என்றும் எழுதினார். யார் இறங்கச் சொன்னது, எவ்வளவு கூலி பேசினார்கள், வண்டி இருந்தும் ஏன் ஆளை இறக்கினார்கள் என்பதற்கு அவருடைய படிவத்தில் கட்டமே இல்லை. பிறகு ஒப்பந்தக்காரர் தரப்பு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டது. குடித்துவிட்டு விழுந்துட்டான்னு சொன்னது. அந்த அம்மா என்னிடம் கேட்டார்: "ஏன் தம்பி, அவரு குடிச்சத எழுதுனாங்களே, எதுக்குக் குடிச்சாருன்னு ஏன் எழுதல?"

குடிக்காமல் அந்தக் குழிக்குள் யாரால் இறங்க முடியும் தோழர்களே?

1932 கடிதம் பேசிய இரண்டு வழியும் இந்த ஒரு படிவத்துக்குள் இருக்கிறது. பாதிக்கப்பட்டவரிடம் என்ன குறை என்று கேட்கும் படிவம் முதல் வழி. அவருக்கு அரசும் ஊரும் என்ன கடன்பட்டிருக்கின்றன என்று கேட்கும் படிவம் இரண்டாவது. சம்பளம் எங்கிருந்து வந்தாலும், எதை எழுதுவது என்பது உங்கள் கையில் இருக்கிறது.

அதனால் களப்பணிக்குப் போகும்போது சிலவற்றைச் செய்யுங்கள். 2013 சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். அதில் சமூகப்பணியாளர்களுக்கு நான்கு இடம் வரை உண்டு. இது சட்டம் உங்களுக்குக் கொடுத்த நாற்காலி. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அது கூட வேண்டும். உங்கள் மாவட்டத்தில் கூடுகிறதா, யார் உறுப்பினர், என்ன தீர்மானம் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அந்த நாற்காலியில் மலக்குழியில் மகனைப் பறிகொடுத்த தாய் உட்காரட்டும் என்று மனுப் போடுங்கள்.

சாவு நடந்த இடத்தில் முதல் தகவல் அறிக்கையைப் படியுங்கள். வெறும் விபத்து என்று இருந்தால் விடாதீர்கள். பட்டியல் சாதியினரை மலம் அள்ள வைப்பதே குற்றம் என்கிறது 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். இரண்டு சட்டமும் சேர வேண்டும். இழப்பீடு கைக்கு வரும்வரை அந்தக் குடும்பம் ஒப்பந்தக்காரரின் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாமல் கூட இருங்கள்.

பெயர் கொடுக்கப் பயப்படுகிறவர்களைத் தனித்தனியாக அழைத்துப் போகாதீர்கள். ஒருத்தர் போனால் வேலையிலிருந்து நிறுத்துவான். தெருவே போனால் யாரை நிறுத்துவான்? அந்தத் தெருவைத் திரட்டுவதுதான் சமூகப்பணி. அங்கே சங்கம் இருந்தால் அதற்கு ஊழியராகப் போங்கள். தலைவராகப் போகாதீர்கள்.

இதெல்லாம் அரசியல், எங்கள் தொழில் நடுநிலையானது என்று சிலர் சொல்வீர்கள். 398 என்று எழுதிய பேனாவும் நடுநிலை என்றுதான் சொல்லிக்கொண்டது. அடுத்த கணக்கெடுப்புப் படிவம் உங்கள் கைக்கு வரும்போது, விட்டுப்போன பெயர்களை எழுதுங்கள்.

ஜெய்பீம்.