ஈடு ஈடாக நூடுல்ஸ்



பெரார்கஞ்சில் ஒரு வீடு. மாலை நேரம். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை, "அம்மா, சௌமீன் வேணும்" என்று கேட்கிறது. கடையில் ஒரு தட்டு வாங்கினால் ஒரு பிள்ளைக்குத்தான் ஆகும். வீட்டிலோ மூன்று பிள்ளைகள். அம்மா ஒரு பொட்டலம் வாங்கி வந்து தானே செய்து பார்க்கிறாள். எல்லாம் ஒட்டிக்கொண்டு கூழாகிவிடுகிறது.

"கடையில மாதிரி இல்லையேம்மா!"

பிள்ளை தட்டைத் தள்ளிவிடுகிறது. காசும் போயிற்று, கேஸும் போயிற்று.

இது மதுரையிலும் நடக்கும், சென்னையிலும் நடக்கும். அம்மாவின் கைப்பக்குவத்தில் குறை இல்லை. குறை அடுப்பின் சூட்டில் இருக்கிறது.

முதலில் பொட்டலத்தைப் பார்ப்போம். அந்தமானுக்குச் சரக்கு கப்பலில் வருகிறது. சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் கடல் தாண்டி வருகிறது. பிறகு கடையில் பல நாள் இருக்கும். ஆகவே தேதியைப் படித்துத்தான் வாங்க வேண்டும். தயாரித்த தேதி, எத்தனை மாதம் தாங்கும், எடை, அதிகபட்ச விலை எல்லாம் அதில் அச்சிட்டிருக்கும். எழுத்து எந்த மொழியில் இருந்தாலும் எண் ஒன்றுதான். சைவம் சாப்பிடுகிறவர்கள் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில நூடுல்ஸில் முட்டை சேர்ப்பார்கள்.

பொட்டலத்தில் 'ஹக்கா' என்று போட்டிருக்கும். அது மசாலாவின் பெயர் அல்ல. ஹக்கா என்பவர்கள் சீனாவைச் சேர்ந்த மக்கள். அவர்களில் பலர் கொல்கத்தாவில் குடியேறினார்கள். டாங்ரா என்ற பகுதியில் தோல் பதனிட்டார்கள். பிறகு சாப்பாட்டுக் கடைகளும் வைத்தார்கள். சீனச் சமையலில் பச்சை மிளகாய் காரமும் சேர்ந்துகொண்டது. மலேசியாவில் தமிழ் முஸ்லிம் கடைக்காரர்கள் 'மீ கோரெங்' செய்கிறார்கள். அதுவும் வறுத்த நூடுல்ஸ்தான். சீனர்களின் பண்டத்தைத் தமிழர் தங்கள் நாக்குக்குத் தகுந்தபடி மாற்றிக்கொண்டார்கள்.

இனி செய்முறை. ஒரு பாத்திரத்தில் நிறையத் தண்ணீரைக் கொதிக்க விட வேண்டும். அதில் உப்பும் ஒரு கரண்டி எண்ணெயும் சேர்த்து நூடுல்ஸைப் போட வேண்டும். மூன்று நான்கு நிமிடத்தில் ஒரு இழையை எடுத்து நகத்தால் கிள்ளிப் பார்க்க வேண்டும். நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளை தெரிந்தால் உடனே வடித்துவிட வேண்டும். மேலே பச்சைத் தண்ணீர் ஊற்றி அலச வேண்டும். ஒட்டுவதற்குக் காரணமான மாவுச்சத்து கழுவிப் போய்விடும். பிறகு சிறிது எண்ணெய் பிசறி, அகலமான தட்டில் பரப்பி ஆற விட வேண்டும். ஈரம் போக அரை மணி நேரம் ஆனாலும் பொறுக்கத்தான் வேண்டும். அவசரப்பட்டால் பழைய கூழ்தான்.

முட்டைக்கோசும் கேரட்டும் கப்பலில் வருபவை. கப்பல் தாமதமானால் விலை ஏறிவிடும். பயத்தங்காய், பப்பாளிக்காய், கீரைத்தண்டு எதையும் மெல்லியதாக நறுக்கிப் போடலாம். இன்ன காய்தான் போட வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனால் காய் நூடுல்ஸுக்குச் சமமாக இருக்கட்டும். நூடுல்ஸ் பெரும்பாலும் மைதா.

இப்போது அடுப்புக்கு வருவோம். கடை அடுப்பில் தீ பெரியது. இரும்புக் கடாய் நன்றாகக் காய்ந்திருக்கும். காயிலிருந்து வரும் தண்ணீர் அந்தச் சூட்டில் உடனே ஆவியாகிவிடும். வீட்டு அடுப்பில் அவ்வளவு தீ கிடையாது. அதில் ஆறு பேருக்கு வேண்டியதை ஒரே தடவையில் கொட்டினால் கடாய் குளிர்ந்துவிடும். தண்ணீர் ஆவியாகாமல் அடியில் தங்கும். வதங்க வேண்டியது வெந்துவிடும்.

இட்லியை ஈடு ஈடாகத்தானே அவிக்கிறோம்? இதையும் அப்படியே செய்ய வேண்டும். ஒரு ஈட்டுக்கு இரண்டு பேருக்கான அளவு போதும். கடாய் நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டு கரண்டி எண்ணெய் விட வேண்டும். பூண்டு, வெங்காயம், பிறகு காய். காய் நறுக்கென்று இருக்கும்போதே நூடுல்ஸைப் போட வேண்டும். சோயா சாஸ் இரண்டு தேக்கரண்டி, கொஞ்சம் மிளகுத்தூள், சில சொட்டு வினிகர். ஒரு நிமிடம் புரட்டி இறக்கிவிடலாம். முட்டை போடுவதானால் முதலிலேயே தனியாகப் பொரித்து வைத்துக்கொள்ள வேண்டும். சோயா சாஸில் உப்பு அதிகம். ருசி பார்த்த பிறகுதான் உப்பு போட வேண்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குச் சாஸைக் குறைத்துக்கொள்ளலாம்.

விறகடுப்பு உள்ள வீட்டில் இது இன்னும் சுலபம். தீயை நன்றாக எரிய விடலாம்.

ஆனால் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும். பிள்ளைகளை அடுப்புப் பக்கம் விடக்கூடாது. கடாயில் எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஊற்றினால் தீ மேலே சீறும். அடுப்பை அணைத்து, கடாயை ஒரு தட்டால் மூடிவிட வேண்டும். மூடி சூடு ஆறும்வரை திறக்கக்கூடாது.

அம்மா மூன்றாவது ஈட்டை இறக்குவதற்குள் முதல் தட்டு காலியாகியிருக்கும். அவளுக்கென்று கொஞ்சம் எடுத்து வைத்துவிட்டுப் பரிமாறினால் நல்லது.