கையில் குத்திய பச்சையும் கைநழுவிய வேலையும்

(மஹல்லா பெற்றோர் - இளைஞர் கூட்டத்தில் நம் அறக்கட்டளை சார்பில் ஆற்றிய உரை)





சில மாதங்களுக்கு முன் நம் வேலைவாய்ப்பு உதவி மையத்திற்கு ஒரு வாப்பா தன் மகனை அழைத்து வந்தார். அந்தத் தம்பி சீருடைப் பணி ஒன்றுக்கு எழுத்துத் தேர்வில் தேறியவர், ஓட்டத்திலும் தேறியவர். மருத்துவப் பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரணம், 18 வயதில் கூட்டாளிகளோடு போய் வலது முன்கையில் குத்திக்கொண்ட பச்சை.

"மார்க்கமும் போச்சு, வேலையும் போச்சு" என்று வாப்பா குமுறினார். தம்பி மெதுவாகச் சொன்னார்: "நான் பள்ளிவாசலுக்கும் போறதில்லைங்க. இந்தக் கையோட தொழுதா கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

வேலை போனதைவிட அந்தச் சொல்தான் எங்களை அதிகம் வருத்தியது. அதனால்தான் இன்று இதைப் பேசுகிறோம்.

பச்சை குத்துவதை மார்க்கம் தடுத்திருக்கிறது. புகாரி, முஸ்லிம் ஹதீஸ் தொகுப்புகளில் அது தெளிவாகவே வந்திருக்கிறது. இங்குள்ள பிள்ளைகளுக்கும் அது தெரியும். தெரிந்தும் சிலர் குத்திக்கொள்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாதது, அதனால் எந்தெந்த வேலையின் கதவு அடைபடும் என்பது.

ராணுவ ஆள்சேர்ப்பில், முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் மட்டுமே நிரந்தரப் பச்சைக்கு அனுமதி உண்டு. பழங்குடியினருக்கு அவர்களின் வழக்கத்தை ஒட்டித் தளர்வு இருக்கிறது. மத்திய ஆயுதக் காவல் படைகளுக்கான தேர்வில், சல்யூட் அடிக்கும் வலது முன்கையில் பச்சை இருக்கக் கூடாது. இடது முன்கையின் உட்புறத்தில் இருக்கலாம். அதுவும் அந்தப் பகுதியில் கால் பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும். ஆக, எங்கே, எவ்வளவு என்பதையெல்லாம் அளந்து பார்க்கிறார்கள்.

வளைகுடாவுக்குப் போக நினைக்கும் பிள்ளைகளும் கவனியுங்கள். எமிரேட்ஸ் விமானப் பணியாளர் வேலைக்கு, சீருடை அணிந்த பிறகு வெளியே தெரியும் பச்சை இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. தனியார் நிறுவனங்கள் சிலவற்றில் இப்படி எழுதிய விதி இருக்காது. ஆனாலும் ஓட்டல் வரவேற்பு, நகைக்கடை விற்பனை போன்று வாடிக்கையாளர் முன் நிற்கும் வேலையில் கழுத்தையும் கையையும் பார்ப்பவர்கள் உண்டு. காரணம் சொல்லாமலே "பிறகு சொல்கிறோம்" என்று அனுப்பிவிடுவார்கள்.

புருவத்திலும் உதட்டிலும் வளையம் போடுவதும் இப்படித்தான். ஆனால் வளையத்தை நேர்காணலுக்கு முன் கழற்றிவிடலாம். பச்சையைக் கழற்ற முடியாது.

"லேசரில் எடுத்துக்கலாமே" என்று பிள்ளைகள் எளிதாகச் சொல்கிறார்கள். லேசர் தோலுக்கு அடியில் உள்ள மையைத் துகளாக உடைக்கிறது. அதை மெல்ல மெல்ல வெளியேற்றுவது நம் உடல்தான். அதனால் பலமுறை போக வேண்டும். ஒரு முறைக்கும் மறுமுறைக்கும் இடையே பல வாரங்கள் விட வேண்டும். கறுப்பு மை ஓரளவு எளிதில் போகும். பச்சை, மஞ்சள் நிறங்கள் லேசில் போகாது. ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அதுவரை ஆள்சேர்ப்பு முகாமின் வயது வரம்பு நமக்காகக் காத்திருக்காது. முழுதாகப் போகாமல் தழும்போ வெளுப்போ தங்குவதும் உண்டு. ஆகவே தோல் மருத்துவரிடம்தான் போக வேண்டும். கடையில் விற்கும் களிம்பையோ அமிலத்தையோ தடவிக் கையைப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள்.

தம்பிகளே, கூட்டாளிகள் கூப்பிட்டால் ஒன்று மட்டும் செய்யுங்கள். நீங்கள் ஆசைப்படும் வேலையின் அறிவிப்பை எடுத்து, மருத்துவத் தகுதிப் பகுதியை முழுதாகப் படியுங்கள். அதற்குப் பிறகும் குத்திக்கொள்ள மனம் வராது.

பெற்றோர்களே, ஏற்கெனவே குத்திக்கொண்ட பிள்ளையைக் கெட்டுப்போனவன் என்று ஒதுக்கிவிடாதீர்கள். தவ்பாவின் வாசல் திறந்தே இருக்கிறது. மை தோலுக்கு அடியில் இருப்பது. உளூவின் தண்ணீர் தோலில் படத்தான் செய்கிறது என்று ஆலிம்கள் பலர் விளக்கியிருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் இமாமிடம் நேரில் கேளுங்கள். தெரிந்தவர் சொன்னார், பக்கத்து வீட்டார் சொன்னார் என்று பிள்ளையைப் பள்ளிவாசலிலிருந்து பிரித்துவிடாதீர்கள்.

அந்தத் தம்பியை இமாமிடம் நாங்களே அழைத்துப் போனோம். இப்போது ஜும்ஆவுக்கு வருகிறார். தோல் மருத்துவரிடம் சிகிச்சையும் தொடங்கியிருக்கிறது. பச்சையைப் பார்க்காத வேலைகளுக்கும் சேர்த்தே விண்ணப்பித்து வருகிறோம். இதே நிலையில் உள்ளவர்கள் வெட்கப்படாமல் மையத்திற்கு வாருங்கள். சிகிச்சைச் செலவுக்கு வழியில்லாதவர்கள் பைத்துல்மாலில் மனுக் கொடுக்கலாம். யாருடைய பெயரும் வெளியே போகாது.

நம் பிள்ளைகளுக்கு ஹலாலான, கண்ணியமான வாழ்வாதாரத்தை அல்லாஹ் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.